ஜூலை நான்கும் ஒரு தையல் ரசீதும்

கொடிகளைப் பற்றிய வரலாறுகளில் கூலி விவரம் அரிதாகவே கிடைக்கும். பால்டிமோரைச் சேர்ந்த மேரி பிக்கர்ஸ்கில்லுக்குக் கிடைத்த தொகை மட்டும் காசு சுத்தமாகத் தெரியும். பெரிய கொடிக்கு 405 டாலர் 90 சென்ட், மழைக்காற்றில் ஏற்றச் சிறிய கொடிக்கு 168 டாலர் 54 சென்ட். 1813ஆம் ஆண்டின் ரசீது அது. பிக்கர்ஸ்கில் ஒரு கைம்பெண். கொடி தைப்பது அவர் பிழைப்பு. அவருடைய அம்மா ரெபேக்கா யங்கும் கொடி தைத்தே குடும்பம் நடத்தியவர். மெக்ஹென்றி கோட்டையின் தளபதி கேட்ட பெரிய கொடி 30 அடி அகலம், 42 அடி நீளம். ஒவ்வொரு பட்டையும் இரண்டடி அகலம். வீட்டில் விரிக்க இடமில்லாமல் பக்கத்திலிருந்த மதுவடிசாலையின் தரையில் விரித்து, மண்டியிட்டு ஊர்ந்து தைத்தார்கள்.

தைத்தார்கள் என்றால் யார்? மேரி, அவருடைய மகள், உடன்பிறந்தவரின் மகள்கள் இருவர், பிறகு கிரேஸ் விஷர். கிரேஸ் பதின்மூன்று வயதுக் கறுப்பினச் சிறுமி. வீட்டுவேலையும் சாதாரணத் தையலும் பழக ஒப்பந்தத்தில் விடப்பட்டவள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயப் பீரங்கிகள் இரவெல்லாம் முழங்கிய பிறகும் கோட்டையில் பறந்த கொடியைப் பார்த்து வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாட்டெழுதினார். 1931இல் அது தேசிய கீதமானது. கீ அடிமைகளை வைத்திருந்தவர். அந்தப் பாட்டு எந்தத் துணியைப் புகழ்கிறதோ அதில் கிரேஸின் தையலும் இருக்கிறது. கொடி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மங்கலான வெளிச்சத்தில், பாதுகாப்பாக இருக்கிறது. கிரேஸ் பிறகு என்ன ஆனாள் என்பதற்குத்தான் ரசீது இல்லை.

பள்ளிப் பாடங்களில் இடம்பிடித்தவர் பிக்கர்ஸ்கில் அல்ல, பிலடெல்பியாவின் பெட்ஸி ராஸ். ஜார்ஜ் வாஷிங்டனே நேரில் வந்து கேட்க, முதல் கொடியை அவர் தைத்துத் தந்தார் என்பது கதை. அதை 1870இல்தான் அவருடைய பேரன் பொதுவெளியில் சொன்னார். அதற்கு முன் எழுத்துச் சான்று எதுவும் இல்லை. ராஸ் உண்மையிலேயே கொடி தைத்தவர், 1777இல் பென்சில்வேனியக் கடற்படைக்குத் தைத்துப் பணம் வாங்கியவர். ஆனால் நூற்றாண்டு விழாவை ஒட்டி அமெரிக்கா கொண்டாடத் தொடங்கிய பெட்ஸி, வீட்டு முன்னறையில் தலைகுனிந்து தைக்கும் நல்ல மனைவி. பட்டறை வைத்துத் தொழில் நடத்தி, மூன்று முறை மணந்து, மூன்று கணவர்களையும் இழந்த பெண்ணை அந்தப் படத்தில் காணோம்.

ஜூலை நான்காம் தேதிக்காக அமெரிக்க வீடுகளில் தைக்கப்படும் பொருள்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்கத் தோன்றுகிறது. சிவப்பு வெள்ளை நீலத்தில் மடிப்பு வைத்து விசிறிபோல் திண்ணைக் கம்பியில் தொங்கவிடும் தோரணங்கள், மேசை விரிப்புகள், நட்சத்திரம் பதித்த குவில்ட்டுகள். குவில்ட் நம் வீடுகளில் பழைய புடவைகளை மடித்துத் தைக்கும் போர்வைக்கு உறவுதான்: மேலே துண்டுத்துணிகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்து நிறுத்தும் பொடித்தையல். (அதன் தொடக்க காலத்தில் நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியிலிருந்து பூக்களை வெட்டியெடுத்து ஒட்டித் தைத்ததும் உண்டு.) கோடைக்காலப் பண்டிகைக்குப் போர்வை எதற்கு என்றால், அது போர்த்திக்கொள்ள அல்ல, காட்டுவதற்கு.

அப்படிக் காட்டியவர்களில் சிலர் வேறொன்றையும் காட்டினார்கள். அடிமைமுறையை எதிர்த்த பெண்கள் கைவேலைச் சந்தைகள் நடத்தி இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார்கள். பாஸ்டன் சந்தைக்கு 1836இல் லிடியா மரியா சைல்ட் கொடுத்த தொட்டில் குவில்ட் முழுக்க நட்சத்திரங்கள். நடுவே, அடிமைத் தாயை நினைக்கச் சொல்லும் ஒரு செய்யுள் மையால் எழுதப்பட்டிருந்தது. ராச்செஸ்டர் நகரில் 1851இல் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் பெயரிலேயே தையல் இருந்தது: ராச்செஸ்டர் பெண்கள் அடிமைமுறை எதிர்ப்புத் தையல் சங்கம். அவர்கள்தான் 1852இல் சுதந்திர தின உரைக்கு பிரடரிக் டக்ளஸை அழைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலை 4இல் ஒழிந்தபோது கறுப்பின மக்கள் அதை மறுநாள் கொண்டாடினார்கள். டக்ளஸும் ஜூலை 5 அன்றுதான் பேசினார். இந்தப் பண்டிகை உங்களுடையது, என்னுடையது அல்ல என்று சொல்லி, அடிமைக்கு இந்த நாள் என்னவாக இருக்க முடியும் என்று கேட்டார். அமெரிக்க மேடைப்பேச்சின் உச்சங்களில் ஒன்றாக அது இன்று படிக்கப்படுகிறது. அழைத்த சங்கத்தின் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது. என் பார்வையில் அந்த உரைக்கு மேடை போட்டது ஊசி.

உள்நாட்டுப் போர் வந்ததும் தேசப்பற்றுக் குவில்ட் ஒரு மோஸ்தராகவே ஆனது. பீட்டர்சன்ஸ் என்ற பெண்கள் இதழ் 1861 ஜூலையில் நட்சத்திரமும் பட்டையுமாக ஒரு குவில்ட் வடிவத்தை வண்ணத்தில் அச்சிட்டது. நடுவில் 34 நட்சத்திரம். தென்மாநிலங்கள் பிரிந்துபோயிருந்த நேரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. அதே ஆண்டுகளில் வடக்கின் பெண்கள் படைவீரர்களுக்கு எண்ணற்ற குவில்ட்டுகள் தைத்து அனுப்பினார்கள். மருத்துவமனைக் கட்டில்களில் கிழிந்து, வீரர்களோடு புதைந்து, மிகச் சிலவே மிஞ்சின. பெண்ணின் கைவேலை தேசத்துக்கு வேண்டும். அவள் வாக்கு? 1876 ஜூலை 4 அன்று பிலடெல்பியா விழாவில் பெண்கள் உரிமைப் பிரகடனத்தை வாசிக்க அனுமதி மறுக்கப்பட்டது. சூசன் பி. ஆண்டனியும் தோழிகளும் மேடைக்குச் சென்று அதைத் தலைமை வகித்தவரின் கையில் திணித்துவிட்டு, வெளியே வந்து கூட்டத்துக்கு உரக்க வாசித்தார்கள். 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் வாக்குரிமைத் திருத்தத்தை ஒவ்வொரு மாநிலமும் ஏற்க ஏற்க, ஊதா, வெள்ளை, பொன் நிறக் கொடியில் ஆலிஸ் பால் ஒரு நட்சத்திரம் தைத்துச் சேர்த்தார். டென்னசிக்காகத் தைத்தது முப்பத்தாறாவது.

அந்த முப்பத்தாறுக்குள் லகோட்டா பெண்கள் வரவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளில் பலருக்குக் குடியுரிமையே 1924 வரை இல்லை. 1883இல் கொண்டுவரப்பட்ட விதிகள் அவர்களுடைய சூரிய நடனத்தையும் பிற சடங்குகளையும் குற்றமாக்கின. ஜூலை 4 மட்டும் விதிவிலக்கு; அன்று கூடுவதும் ஆடுவதும் அதிகாரிகள் கண்ணுக்கு தேசபக்தி. கோடைக்காலம்தான் சூரிய நடனத்தின் காலமும். ஆகவே தடைசெய்யப்பட்ட கூடுகை சுதந்திர தினத்தின் பெயரில் தொடர்ந்தது. பெண்கள் குழந்தைத் தூளிகளிலும் மேலங்கிகளிலும் பைகளிலும் சின்னஞ்சிறு மணிகளால் அமெரிக்கக் கொடியைக் கோத்தார்கள். பணிவா, கேலியா, காப்பா, எதிரியின் பலத்தைத் தன்வசப்படுத்தும் பழைய வழக்கமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஒரே கொடியில் இவை எல்லாமே இருந்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் படுகிறது. தன்னை வென்றவனின் கொடியை மகனின் தூளியில் கோக்கும் தாய் ஒரே காரணத்தோடு கோப்பதில்லை.

குவில்ட்டை அவர்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் மிஷனரிப் பெண்கள். காட்டெருமைகள் கொன்றொழிக்கப்பட்டுத் தோல் கிடைக்காமல் போனபோது, தோலாடை இருந்த இடத்துக்குக் குவில்ட் வந்தது. லகோட்டா பெண்கள் அதன் நடுவில் கொடியின் ஐந்துமுனை நட்சத்திரத்தை வைக்கவில்லை. சாய்சதுரத் துண்டுகளை வரிசை வரிசையாக இணைத்து விரியும் எட்டுமுனை விடிவெள்ளியை வைத்தார்கள். பெயர்சூட்டுக்கும் சாவுக்கும், படையிலிருந்து திரும்பியவருக்கும் அதைத் தைத்தார்கள். வீட்டில் மடித்துவைக்க அல்ல, கூட்டத்தில் கொடுத்துவிட. இன்றும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.