எதிரியின் பாஷைக்கு ஒரு குழந்தைப் பாட்டு

1945, ஆகஸ்ட் 15. பகல் பன்னிரண்டு மணி. ஜப்பான் முழுக்க ஜனங்கள் ரேடியோ முன்னால் கூடியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார். காரணம், பேசப் போகிறவர் சக்கரவர்த்தி ஹிரோஹிதோ! அதுவரை அவருடைய குரலைச் சாதாரண ஜனங்கள் கேட்டதே கிடையாது.

முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்த இசைத்தட்டு சுழன்றது. சக்கரவர்த்தி பேசியது ஜப்பானிய மொழிதான். ஆனால், அரண்மனையில் மட்டும் புழங்கும் பழைய நடை. போதாக்குறைக்கு ரேடியோவில் கரகரப்பு வேறு. 'தோல்வி' என்றோ, 'சரணடைகிறோம்' என்றோ ஒரு வார்த்தை அதில் இல்லை. 'என்ன சொன்னார்... போர் முடிஞ்சுதா, இல்லை இன்னும் தீவிரமா சண்டை போடச் சொல்றாரா?' என்று பலர் பக்கத்தில் நின்றவரைக் கேட்கவேண்டி இருந்தது. அறிவிப்பாளர் பிறகு எளிமையாக விளக்கியதும்தான் பலருக்கு விஷயம் பிடிபட்டது.

அதே நேரத்தில், வெளிநாடுகளுக்கான ஒலிபரப்பில் அந்த உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். பெயர் தடாயிச்சி ஹிரகாவா. என்.ஹெச்.கே. ரேடியோ நிலையத்து ஊழியர். தன் நாடு தோற்றுப்போன செய்தியை உலகத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஆறே மாதத்தில், தோற்றுப்போன அந்த ஜனங்களுக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவருக்கு வந்து சேர்ந்தது!

அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பானில் ரேடியோ தொடங்கியது 1925 மார்ச்சில். அடுத்த சில மாதங்களிலேயே ரேடியோவில் ஆங்கில வகுப்பு வந்துவிட்டது. அதாவது, அந்த நாட்டில் ரேடியோவும் ரேடியோ இங்கிலீஷும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பதினாறு வருஷம் ஓடிய அந்த வகுப்பு, 1941 டிசம்பரில் நின்றது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து, அமெரிக்காவுடன் போர் தொடங்கிவிட்டதே!

அதற்குப் பிறகு ஆங்கிலம் 'எதிரியின் பாஷை'. இத்தனைக்கும், பேசக்கூடாது என்று பொதுவாகச் சட்டம் ஒன்றும் போடவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தே எல்லாம் நடந்தது. ஜப்பானியர்கள் உயிரை விடும் பேஸ்பால் ஆட்டத்தில் 'ஸ்ட்ரைக்' என்று நடுவர் கத்த முடியாது. 'யோஷி' (நல்லது!) என்று கத்த வேண்டும். கிராமபோன் 'ரெக்கார்டு'க்குப் புதுப்பெயர் வந்தது. பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் 1942 முதல் ஆங்கிலம் கட்டாயப் பாடம் இல்லை. ரேடியோ நிலையமே தன் 'அனவுன்ஸர்'களுக்கும் 'நியூஸு'க்கும் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொண்டது.

அந்த நியூஸ் எப்படி இருந்தது? ராணுவத் தலைமையகம் எழுதிக்கொடுத்ததை அப்படியே வாசிப்பார்கள். கடலில் கப்பல் கப்பலாக மூழ்கிக்கொண்டிருக்கும். ரேடியோவில் வெற்றி முழக்கம் கேட்கும். இன்றைக்கும் ஜப்பானில் அதிகாரிகள் வாய்கூசாமல் அளந்துவிட்டால், 'இது ராணுவத் தலைமையக அறிவிப்பு மாதிரி இருக்கு' என்று கிண்டல் செய்வார்கள். ஆக, 1945-ல் ஜனங்களிடம் மிச்சமிருந்தது இரண்டு. வெறுக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு பாஷை. பொய் சொல்லிப் பெயர் கெட்டுப்போன ஒரு ரேடியோப் பெட்டி. இரண்டையும் சேர்த்து வைத்து ஒருவர் பாடம் நடத்த வேண்டும் என்றால்?

சரி, போர் முடிந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பயம் ஒரு பக்கம். 'நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சா பிழைச்சுக்கலாம்' என்ற தவிப்பு இன்னொரு பக்கம்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஒரு பதிப்பாளர். சக்கரவர்த்தி பேசி முடித்த அன்றே அவருக்கு யோசனை உதித்துவிட்டது! போர்க்காலத்தில் வெளிவந்த ஜப்பான்-சீன, ஜப்பான்-தாய்லாந்து உரையாடல் கையேடுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, ஜப்பான்-அமெரிக்க உரையாடல் கையேடு ஒன்றை அவசரமாகத் தயாரித்தார். மொத்தமே 32 பக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் கடைக்கு வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 36 லட்சம் பிரதிகள்! 1981-ல் 'டோட்டோ-சான்' (தமிழிலும் வந்து நாமெல்லாம் படித்த அதே டோட்டோ-சான்தான்) வரும்வரை ஜப்பானில் அந்த விற்பனையை வேறு புத்தகம் தாண்டவில்லை.

ஆனால், அந்தக் கையேடு எதற்கு உதவும்? தெருவில் சிப்பாய் எதிரே வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல உதவும். வழி சொல்லலாம், வணக்கம் சொல்லலாம், நன்றி சொல்லலாம். ஜெயித்தவன் முன்னால் தோற்றவன் சமாளிப்பதற்கான ஆங்கிலம் அது. அதைத் தாண்டி ஒரு ஆங்கிலம் இருக்கிறது என்று காட்டியவர்தான் ஹிரகாவா.

அவர் ஒகயாமா பகுதியில் 1902-ல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பையன். 1918-ல் அண்ணனோடு கப்பலேறி அமெரிக்கா போனார். அப்பா ஏற்கெனவே அங்கே பிழைக்கப் போயிருந்தார். இவரும் ரயில் பாதையில் கூலி வேலை பார்த்தார். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? பதினேழு வயசில் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து, பொடிசுகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்! அங்கே ஆரம்பித்து, 1931-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலையில் பட்டம் வாங்கினார். பிறகு ஊர் திரும்பி, 1937-ல் என்.ஹெச்.கே.வில் ஆங்கில அறிவிப்பாளர் வேலை.

1946, பிப்ரவரி 1. மாலை ஆறு மணி. ஹிரகாவாவின் ஆங்கில உரையாடல் நிகழ்ச்சி தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் பதினைந்து நிமிடம். ரேஷன் அரிசி போதாமல் கள்ளச் சந்தையில் கிமோனோவை விற்று உருளைக்கிழங்கு வாங்கிய நாட்கள் அவை. வயிறு காய்ந்து கிடக்கிற ஜனங்களிடம் இலக்கணம் பேசினால் ரேடியோவை அணைத்துவிடுவார்கள் இல்லையா?

ஹிரகாவா முதலில் ஒரு டியூனைப் பிடித்தார். ஷோஜோஜி என்ற கோயில் முற்றத்தில் நிலா வெளிச்சத்தில் தனுக்கிகள் (நரிக்குச் சொந்தமான ஒரு ஜப்பானிய விலங்கு) கூத்தடிப்பதாக ஒரு குழந்தைப் பாட்டு உண்டு. 1920-களில் வந்தது. அந்த நாட்டில் அது தெரியாத வாய் கிடையாது. அந்த மெட்டுக்கு ஆங்கில வார்த்தைகளைப் போட்டார். பாட்டு 'கம், கம்' என்று தொடங்கும். அவ்வளவுதான். நிகழ்ச்சியின் அசல் பெயர் ஜனங்களுக்கு மறந்தேபோய், 'கம் கம் இங்கிலீஷ்' ஆகிவிட்டது. அவரும் 'கம் கம் அங்கிள்' ஆகிவிட்டார்!

பாடம் எப்படி? லண்டன் பாலமும் நியூயார்க் கட்டடமும் வராது. ஜப்பானிய வீட்டுக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ன பேசிக்கொள்வார்களோ அதுவே ஆங்கிலத்தில் வரும். 'படிக்காதீங்க, விளையாடுங்க' என்பது அவர் கொள்கை. கைக்குழந்தை எப்படி அம்மா வாயைப் பார்த்து, தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிப் பேசக் கற்கிறதோ, அப்படிக் கற்றால் போதும் என்றார். பொடிசுகளோடு பெஞ்சில் உட்கார்ந்த பதினேழு வயசுப் பையனுக்குத்தான் அது தோன்றும்.

தெருவில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடினார்கள். ஊர் ஊராக 'கம் கம்' குழுக்கள் முளைத்தன. லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. நான்கு வருஷம் பொய் சொன்ன பெட்டியைச் சுற்றி, குடும்பங்கள் மறுபடியும் மாலையில் உட்கார்ந்தன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அப்போது ரேடியோவில் எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானித்தது மெக்ஆர்தரின் ஆக்கிரமிப்பு நிர்வாகம். ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று விரிவாகப் பேசவே தணிக்கை இருந்தது. அப்படிப்பட்ட ரேடியோவில் சிரித்த முகமாய் ஆங்கிலம் வருவது ஜெயித்தவர்களுக்குக் கசக்குமா என்ன? அதேபோல, தினம் பதினைந்து நிமிடத்தில் ஜப்பானே ஆங்கிலம் பேசக் கற்றுவிடவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் தொடர்ந்து இலக்கணத்தையும் பரீட்சையையும்தான் கட்டிக்கொண்டு அழுதன.

பிறகு ஹிரகாவா சாதித்ததுதான் என்ன? கையேடு வாங்கிய 36 லட்சம் பேரும் சிப்பாயிடம் பேசத் தயாரானார்கள். 'கம் கம்' கேட்டவர்களோ தங்கள் வீட்டுக்குள்ளேயே, தங்கள் பிள்ளைகளிடமே ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார்கள். தப்பாகப் பேசினால் அங்கே யாரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை, சிரிப்புதான் கேட்டது. ஒரு பாஷை மேல் இருக்கும் பயம் போக அதைவிட வேறென்ன வேண்டும்?

என்.ஹெச்.கே.வில் அந்த நிகழ்ச்சி 1951 பிப்ரவரி வரை ஓடியது. பிறகு தனியார் ரேடியோவுக்கு மாறி, 1955 வரை தொடர்ந்தது. ஹிரகாவா 1993-ல் காலமானார். 2021 நவம்பரில் என்.ஹெச்.கே. டி.வி. தினமும் காலையில் ஒளிபரப்பும் மெகாத் தொடரில் ஒரு புதுக் கதை ஆரம்பமானது. ரேடியோ ஆங்கிலப் பாடத்தோடு வளரும் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை.

தலைப்பு? 'கம் கம் எவ்ரிபடி'!