தபால்காரர் கொண்டுவந்த கல்லூரி

காங்கேயம் வட்டாரத்தில் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர், எண்ணெய் மில் மேஸ்திரி, திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த அக்கா என்று பலருக்குக் கல்லூரி வந்தது தபால்காரர் பையில்தான். 'ஆன்லைன் வந்ததும் எல்லாமே மாறிப்போச்சுங்க' என்று சொல்லும் இன்றைய தம்பி தங்கைகள் இந்தப் பழைய கதையையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரை, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகம். 'கரஸ்ல படிக்கறேன்' என்றால் ஊரில் கொஞ்சம் இளக்காரம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து எந்நேரம் வீடு திரும்பினாலும் புத்தகம் வைத்த இடத்திலேயே காத்திருக்கும். சந்தேகம் கேட்கத்தான் ஆள் கிடையாது. எப்போதாவது நடக்கும் நேர்முக வகுப்புக்கு லீவு போட்டு, பஸ் ஏறிப் போக வேண்டும்.

1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாடம் நடத்தியது. பகல் நேரம், பெரும்பாலும் ஆங்கிலம். நம் ஊரில் யார் பார்த்திருப்பார்கள்? 2004-ல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளும் பறந்தது.

எங்களைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்கு உண்மையில் கைகொடுத்தது 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். வீடியோக்கள்தான். ஹாஸ்டலில் பென்டிரைவ் பென்டிரைவாக அவை கைமாறும். ஐ.ஐ.டி. பேராசிரியரை நடுவில் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கலாம். வகுப்பில் 'சார், இன்னொரு தடவை' என்று மூன்றாம் முறை கேட்க யாருக்குத் தைரியம்? 2014-ல் சான்றிதழும் வந்தது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போக வேண்டும். பதிவு செய்தவர்களில் தேர்வு வரை தாக்குப்பிடித்தவர்கள் கொஞ்சம் பேரே.

பிறகு 2020 மார்ச். கல்லூரிகளைப் பூட்டிவிட்டார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. டேட்டா சரி, வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? காலை பத்து மணிக்கு லைவ் வகுப்பு என்றால் பத்து மணிக்கே உட்கார்ந்தாக வேண்டும். நைட் ஷிப்ட்காரருக்குத் தபால் தந்த சௌகரியத்தைக்கூட இது தரவில்லை என்பது என் கருத்து. லேத் மெஷினைத் தொடாமலே மெக்கானிக்கல் செமஸ்டர்களைக் கடந்தவர்களும் உண்டு.

2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். 2021 விதிப்படி, கல்லூரிகள் ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை 'ஸ்வயம்' வழியாகப் படிக்க அனுமதிக்கலாம். பாடம் இப்படி வெளியிலிருந்தே வருமானால், கல்லூரி தன் கையில் வைத்திருக்க வேண்டியவை லேப்பும், சந்தேகம் கேட்க ஓர் ஆளும். திருப்பூரில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்குமா, அங்கே ஒரு சார் இருப்பாரா என்று நம் சங்கம் இந்த ஆண்டே நிர்வாகத்திடம் பேசலாம். முன்னாள் மாணவர்களில் பொறியாளர்கள் முறை வைத்து உட்காரத் தயார் என்றால், முதல் ஞாயிறு நான் வருகிறேன்.