அன்னைக்கு மனை கிடைத்த வரலாறு

மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். மண்ணைக் குளிர்வித்து, வெம்மை நோய்களைத் தணித்து, மக்களைக் காப்பவள் மாரியம்மன் என்பது தமிழகச் சிற்றூர் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்த நம் முன்னோர், காடும் காய்ச்சலும் சூழ்ந்த புதிய மண்ணில் அந்த அன்னையின் துணையையே முதலில் வேண்டினர். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் அமைந்துள்ள அருள்மிகு ஸ்ரீ மாரியம்மன் திருக்கோயில், அந்நாட்டின் மிகப் பழைமையான இந்துக் கோயிலாகும். அங்கே அன்னைக்கு ஒரு மனை கிடைப்பதற்கு எத்துணை முயற்சி வேண்டியிருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1819ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. அவர் செங்கற்சூளை அமைத்துக் கட்டடத் தொழிலில் முன்னோடியானார். துணி வணிகமும் நடத்தினார். 1822ஆம் ஆண்டு ஏற்பட்ட தீயில் அவருடைய கடை எரிந்து பெரும் பொருளிழப்புக்கு ஆளானார். ஆயினும், தம் மக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்னும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை.

ஆட்சியாளர் முதலில் ஒதுக்கிய இடம் தெலோக் ஆயர் வீதியில் இருந்தது. மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். எனினும், வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் அவ்விடத்தில் கிடைக்கவில்லை. மழையின் பெயர் தாங்கிய தாய்க்கு நீரின்றித் திருமஞ்சனம் எங்ஙனம் நிகழும்? 1821இல் ஸ்டாம்போர்டு கால்வாயின் அருகே வேறோர் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட நகரத் திட்டத்திற்கு அது பொருந்தாமற் போயிற்று. இறுதியாக, 1823இல் இப்போதுள்ள இடம் வழங்கப்பட்டது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன எளிய கோயில் எழுந்தது. நாராயண பிள்ளை அங்கே நிறுவிய சிறிய திருவுருவம் 'சின்ன அம்மன்' என்று அழைக்கப்பெற்றது. இன்று மூலத்தானத்தில் அருள்பாலிப்பது அத்திருவுருவமே என்பது அடியார்களின் நம்பிக்கை.

பின்னர், 1831இல் சேஷாசலம் பிள்ளை என்னும் அன்பர் நிலம் கொடையளித்தார். நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்கள் செங்கற் கோயிலை உருவாக்கினர். அதன் பழைய பகுதிகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பர். 1903இல் மூன்று நிலைக் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டது. இன்றுள்ள கோபுரம் 1925இல் அமைந்தது. அரசு 1973இல் இக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் குடமுழுக்கு விழா நடைபெற்றது.

இக்கோயில் வழிபாட்டிற்கு மட்டும் பயன்பட்டதன்று. கப்பலிலிருந்து இறங்கி, உற்றார் உறவினர் இன்றித் திகைத்து நின்ற பலருக்கு, வேலையும் உறைவிடமும் கிடைக்கும் வரை இதுவே புகலிடமாயிற்று. ஒரு காலத்தில் இந்துத் திருமணங்கள் பதிவு செய்யப்பெற்றதும் இங்கேதான். திரௌபதை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து தீமிதிக்கும் அடியார்களை ஆண்டுதோறும் இன்றும் காணலாம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. நாராயண பிள்ளை கிடைத்த இடத்தில் கோயிலைக் கட்டிவிட்டு அமைதி அடையவில்லை. தகுந்த இடம் முறைப்படி கிடைக்கும் வரை நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து முயன்றார். மலேசியத் தோட்டப்புறங்களில் நம் பாட்டன்மார் பக்தியோடு எழுப்பிய கோயில்கள் பல, நிலவுரிமைப் பத்திரம் இல்லாமையால், தோட்டங்கள் கைமாறியபோது இடம்பெயர நேர்ந்தது. அவர்களுடைய பக்தியில் குறையில்லை, ஆவணத்தில்தான் குறை. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுவதற்குமுன், கோயில் நிற்கும் நிலத்தின் உரிமையை உறுதி செய்தல் ஒவ்வொரு நிருவாகத்தின் தலையாய கடமையாகும்.

அன்று மரமும் அத்தாப்புமாய்த் தொடங்கிய கோயில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. அந்த நிலைபேறு, நம் பேரப்பிள்ளைகள் வணங்கவிருக்கும் கோயில்களுக்கும் வாய்க்க அன்னை அருள்புரிவாளாக!