ஒரு ஸ்க்ரூ ஒடிஞ்ச கதை

அப்பாவோட இண்ட்-சுசுகி திருவேங்கடம் வீட்டுத் தாழ்வாரத்துல பல வருஷமா தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பலாம்னு கார்புரேட்டர்ல கை வெச்சேன். அடிக்கிண்ணத்துல நாலு ஸ்க்ரூ. மூணு வந்துடுச்சு. நாலாவது தலை வழிஞ்சுது. விடாம முறுக்கினேன், ஒடிஞ்சே போச்சு. (அப்பாகிட்ட மூச்சு விடலை.)

"தம்பி, நீங்க போட்டது பிலிப்ஸ். இது ஜப்பான் ஸ்டாரு"ன்னார் மெக்கானிக் அண்ணாச்சி.

ரெண்டும் கூட்டல் குறிதானேன்னு தேடினா, பெரிய சரித்திரம்! 1936-ல அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கின வடிவம் ஒண்ணு. ஜப்பான்காரங்க தனக்குன்னு வெச்சுக்கிட்ட தரம் இன்னொண்ணு. குழியோட வளைவு லேசா மாறும். பிலிப்ஸ் டிரைவர் முழுசா உள்ள இறங்காம நழுவி, தலையைத் தின்னுடும். ஜப்பான் ஸ்க்ரூ தலையில பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் அடையாளம்.

1984-ல ஓசூர்ல டிவிஎஸ்ஸும் சுசுகியும் சேர்ந்து 100 சிசி வண்டி இறக்கினப்போ, இந்த ஸ்டாரும் கூடவே ஊருக்குள்ள வந்துடுச்சு. நம்ம வீட்டு டிரைவர் மட்டும் மாறவே இல்லை.

சரி, ஒடிஞ்சது? தலை போனதால கிண்ணம் தானா கழண்டுச்சு. ஸ்க்ரூ தண்டு மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு, சுத்திலும் வெள்ளைப் பொடியா உப்பு பூத்து நின்னுச்சு. பெட்ரோல் சொட்டு இல்லாம துடைச்சு, ராத்திரி பூரா எண்ணெய் விட்டு வெச்சார் அண்ணாச்சி. காலையில கொதிக்கிற தண்ணியில முக்கினார். கார்புரேட்டர் உலோகம் இரும்பைவிட ரெண்டு மடங்கு விரியுமாம். கிரிப் பிளேயரால முன்னும் பின்னும் கால் சுத்து, கால் சுத்து...

"கிரீச்"னு ஒரு சத்தம். வந்துடுச்சு!

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததும் பெரும்பாலான புது பைக்குகள்ல கார்புரேட்டரே போயிடுச்சு. அப்பா வண்டி நேத்து மூணாவது உதையில கிளம்பிடுச்சு :-)