வடிநில நீரியல் மாதிரி

வடிநில நீரியல் மாதிரி என்பது, ஓர் ஆற்றின் வடிநிலத்தில் பெய்யும் மழையில் எவ்வளவு, எப்பொழுது ஆற்றை வந்தடையும் என்பதைக் கணிக்க உதவும் கணித விவரிப்பு ஆகும். வெள்ள முன்னறிவிப்பு, அணை வடிவமைப்பு, காடழிப்பின் விளைவுகளை மதிப்பிடல் முதலியவற்றுக்கு இது பயன்படுகின்றது. மழையையும் ஆற்றின் ஓட்டத்தையும் அளக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே மண்ணுக்குள் நிகழ்வனவற்றில் பெரும்பகுதியை நேரடியாகக் காண இயலாது. இதுவே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

1851 இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி, மழைச் செறிவையும் வடிநிலப் பரப்பையும் கொண்டு உச்ச ஓட்டத்தைக் கணிக்கும் எளிய முறையை முன்வைத்தார். 1966 இல் கிராஃபோர்டு, லின்ஸ்லி ஆகியோர் வெளியிட்ட ஸ்டான்போர்டு வடிநில மாதிரி, கணினியைப் பயன்படுத்திய முன்னோடி மாதிரிகளுள் ஒன்றாகும். நீரோட்டத்தின் இயற்பியல் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும் மாதிரிக்கான திட்ட வரைவை 1969 இல் ஃபிரீஸ், ஹார்லன் ஆகியோர் அளித்தனர்.

அளவு வேறுபாடு

மண்ணில் நீர் நகர்வதை விவரிக்கும் ரிச்சர்ட்ஸ் சமன்பாடு (1931), சிறிய, சீரான மண்பகுதிக்கு நன்கு பொருந்துவது. மாதிரிகளிலோ வடிநிலம், பல நூறு மீட்டர் அகலமுள்ள கட்டங்களாகவும் பிரிக்கப்படுவதுண்டு. ஒரே கட்டத்துக்குள், சில மீட்டர் இடைவெளியிலேயே நீர் ஊடுருவும் வேகம் பன்மடங்கு மாறலாம். வேர்த் துளைகள், மண்புழு வளைகள், வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே நீர் விரைந்து இறங்குவதைக் கட்டத்தின் சராசரி மதிப்பு காட்டுவதில்லை.

சமமுடிவுத்தன்மை

நேரில் அளக்க இயலாத மதிப்புகள், கணித்த ஓட்டம் பதிவான ஓட்டத்தோடு ஒத்துப்போகும் வரை மாற்றியமைக்கப்படுகின்றன. இது அளவுதிருத்தம் எனப்படும். இவ்வாறு செய்கையில், வேறுபட்ட பல மதிப்புத் தொகுதிகள் ஏறத்தாழ ஒரே விடையைத் தருவதுண்டு. பிரித்தானிய நீரியலாளர் கீத் பெவன் இதனைச் சமமுடிவுத்தன்மை என்ற கருத்தாக விளக்கினார். எடுத்துக்காட்டாக, மழைநீர் நிலத்தின் மேலே ஓடியதாகக் கொள்ளும் மாதிரியும், மண்ணுக்குள் இறங்கி வந்ததாகக் கொள்ளும் மாதிரியும் ஒரே வெள்ளத்தைச் சரியாகக் காட்டக்கூடும். அவ்வடிநிலத்தின் காடு அழிக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கோ அவ்விரண்டும் வெவ்வேறு விடை தரலாம். ஆகவே, கடந்தகாலப் பதிவுடன் பொருந்துவது மட்டும் மாதிரியின் உள்ளமைப்பு சரியானது என்பதற்குச் சான்றாகாது.

தீர்வு முயற்சிகள்

பெவனும் பின்லியும் 1992 இல் முன்வைத்த முறையில், சிறந்த ஒரே விடை தேடப்படுவதில்லை. ஏற்கத்தக்க மதிப்புத் தொகுதிகள் பலவும் வைத்துக்கொள்ளப்பட்டு, கணிப்பு ஒரு வீச்சாகத் தரப்படுகின்றது. ஈரமான ஆண்டுகளின் தரவைக் கொண்டு அளவுதிருத்தம் செய்த மாதிரியை வறண்ட ஆண்டுகளில் சோதிப்பது போன்ற கடுமையான சோதனைகளை 1986 இல் வித் கிளெமெஷ் வலியுறுத்தினார்.

ஓட்டப் பதிவே இல்லாத ஆறுகளில் அளவுதிருத்தமும் இயலாது. இதனை ஆராயப் பன்னாட்டு நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு திட்டத்தை நடத்தியது. இலங்கையில் பிறந்த நீரியலாளர் முருகேசு சிவபாலன் அதன் தொடக்ககாலத் தலைவராக இருந்தார்.