சேற்றுப்புண்ணும் ஒரு வாயுவின் வரலாறும்



நம் தஞ்சை வயல்களில் குறுவை, சம்பா நடவுக்கு இறங்கும் பெண்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் பூஞ்சை புகுந்து வெளுத்து, வெடித்து, அரிக்கும். மருதாணி அரைத்துப் பற்றுப் போடுவதும், மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும் நம் கைவைத்தியம். சரபோஜி மன்னர் (1798–1832) தன்வந்திரி மகால் அமைத்து மருத்துவ முறைகளைத் தொகுக்கச் செய்த ஊர் இது. இந்தப் புண்ணோடு தொடர்புள்ள ஒரு வாயுவின் வரலாற்றை இன்று சொல்கிறேன்.

அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. இடி மின்னலோடு மழை பெய்தால் பயிர் பச்சை கட்டும் என்பார்கள் நம் விவசாயிகள். மின்னல் வெட்டும்போது காற்றில் முதலில் உண்டாவது இந்த வாயுதான். பிறகு நைட்ரேட்டாக மாறி மண்ணுக்கு வருகிறது. 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைப் பற்றி எழுதினார். நெடுங்காலம் இது புகையில் உள்ள நச்சு என்றே பேர் வாங்கியது. நம் உடலே இதை உண்டாக்கி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தோலிலும் இது உண்டு. வியர்வையில் உள்ள நைட்ரேட்டைத் தோலில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். வியர்வையின் அமிலத்தன்மையால் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்கள் இதையே வழியாகக் கொண்டு, நைட்ரைட்டும் சாலிசிலிக் அமிலமும் சேர்த்த களிம்பைக் கால்விரலிடுக்குப் பூஞ்சைக்குத் தடவிப் பார்த்தார்கள். பலன் இருந்தது என்று அதே 1998-ல் வெளியிட்டார்கள். அங்கே ஷூவுக்குள் புழுங்கி வருவது, இங்கே சேற்றில் ஊறி வருகிறது.

ஆனால் இந்த வாயு நொடிகளில் மறைந்துவிடும். அதைப் பிடித்து வைத்து, தோலில் பட்டதும் மெல்ல விடுவிக்கும் பொருள் தேவைப்பட்டது. அப்படி ஒன்றான பெர்டாசிமர் கூழ்மத்துக்கு 2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு எடுத்துக் கலந்து தடவ வேண்டும். ஆனால் அனுமதி, மொலஸ்கம் என்ற வைரஸ் கொப்புளங்களுக்கு மட்டுமே.

நடவுக்காலத்தில் தாய்மார்கள் விந்தி விந்தி வந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வயலுக்கு ஓடியதைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். கால் வலித்தாலும் கூலியை விட முடியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே விரலிடுக்கில் சோதித்த மருந்து, இன்னும் அந்தக் கால்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு எந்த உப்பையும் நீங்களே கலந்து தடவாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் காட்டி, பூஞ்சைக்கான களிம்பு கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.