ஓயாத செய்தி பிறந்த கதை

2001 ஜூன் 30. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மேம்பால ஊழல் வழக்கில் மு. கருணாநிதி சென்னையில் கைதானார். விடிந்ததும் சன் தொலைக்காட்சிகளில் அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப ஓடின. ஜெயா டிவியோ, மத்திய அமைச்சர்கள் போலீசாரோடு மோதிய காட்சிகளை முன்னிறுத்தியது. நடந்தது ஒரே இரவு. எந்தச் சேனல் ஓடியதோ, அதுவே அந்த வீட்டின் உண்மையானது.

நாள் முழுதும் ஓயாமல் ஓடும் இந்த வகைச் செய்தி பிறந்த ஊர் அமெரிக்காவின் அட்லாண்டா. 1980 ஜூன் 1-இல் டெட் டர்னர் சி.என்.என்.-ஐத் தொடங்கினார். 1991 வளைகுடாப் போரில் பாக்தாத்தில் விழுந்த குண்டுகளை நேரலையில் விவரித்து அது உலகையே கட்டிப்போட்டது. ஆனால் போர் தினமும் நடக்காது. சேனலோ தினமும் 24 மணி நேரம் ஓடியாக வேண்டும். அந்த நேரத்தை நிரப்ப இரண்டு வழிகள் கிடைத்தன. காட்டியதையே காட்டுவது ஒன்று. நாலு பேரை உட்காரவைத்துப் பேசவிடுவது மற்றொன்று.

தமிழுக்கு அது படிப்படியாக வந்தது. 1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்து முடிந்தால் முடிந்ததுதான். 1993-இல் சன் டிவி வந்தது. சன் நியூஸ் 2000-இல் வந்தது. 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி குடிசைகளிலும் ஏறியது. 2011 ஆகஸ்ட் 24-இல் புதிய தலைமுறை தொடங்கிய சில நாட்களிலேயே, மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிளும் வந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஓயாத செய்தி குடியேறியது அப்போதுதான் என்பேன்.

அதுவரை டீக்கடைதான் விவாத மேடை. தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் மறுப்பார். அடுத்த நாளிதழ் மறுநாள் காலையில்தான் வரும். இடையில் கிடைத்த அந்த ஒரு நாளில், வயலிலும் பேருந்திலும் அவரவர் யோசித்தார்கள். ஓயாத செய்தி பறித்தது அந்த ஒரு நாளைத்தான். இரவு விவாதம் முடியும்போதே யார் பக்கம் நிற்பது என்பது முடிவாகிவிடுகிறது. மறுநாள் டீக்கடைக்குப் போவது அந்த முடிவைச் சொல்ல மட்டுமே.

ஒரு வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே முடங்கியது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. இல்லை என்றன எதிர்க்கட்சிகள். ஸ்டுடியோவில் இரு தரப்பும் மல்லுக்கட்டின.

ஆற்றங்கரைக்காரர் இதில் கட்சி பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் தெருவுக்கு எச்சரிக்கை வந்ததா? எத்தனை மணிக்கு? தண்ணீர் வந்தது எப்போது? நடுவில் ஆடுமாட்டை அவிழ்க்க நேரம் இருந்ததா? இதற்கான விடை எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது, அவரிடம்தான் இருக்கிறது. சேனல் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவதை நிறுத்தி, தன் கேள்வியைத் தானே கேட்கிறவர்தான் சொந்தமாகச் சிந்திக்கிறார். அந்தக் கேள்விகளைக் கிராமசபையில் எழுந்து கேட்டால், அடுத்த வெள்ளத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை அதிகாரிகளுக்கு வரும்.